மண்டியிட்டால் மாற்றம் வருமா? விளையாட்டு வீரர்களின் போராட்டம் பற்றி

கேள்வி இதுதான்: தொழில்முறை விளையாட்டு வீரர்கள் போராடி சமூகத்தில் மாற்றம் கொண்டுவர முடியுமா? கேட்டவர் கூடவே ஒரு சந்தேகத்தையும் வைத்திருக்கிறார். அமெரிக்காவில் காலின் கேப்பர்னிக் மண்டியிட்டார், அவர் வேலை போனது, போலீஸ் அப்படியேதான் இருக்கிறது. இதனால் யாருக்கு என்ன லாபம்?

முடியும் என்பது என் பதில். ஆனால் உயர்த்திய கையும் ஊன்றிய முழங்காலும்தான் நம் ஞாபகத்தில் நிற்கின்றன. காரியத்தை முடித்துக் கொடுத்தது பல சமயம் வேறு ஒன்று: "நாங்கள் ஆட மாட்டோம்" என்று சொன்னது. அதையும், அந்த ஆட்டம் நடக்காவிட்டால் யாருக்கு நஷ்டமோ அவரிடம் சொன்னது.

முதலில் கேப்பர்னிக் கதையையே எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் பாதிதான் வெளியே தெரியும். 2016 ஆகஸ்ட். சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியில் ஆட்டத்தை நடத்தும் குவார்டர்பேக் அவர். தேசிய கீதம் ஒலிக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்தே இருந்தார். முதல் இரண்டு பயிற்சி ஆட்டங்களில் அதை யாரும் கவனிக்கக்கூட இல்லை. மூன்றாவதில் கேட்டார்கள். கறுப்பினத்தவர்மீது போலீஸ் காட்டும் வன்முறைதான் காரணம் என்றார். அப்புறம் நேட் போயர் என்ற முன்னாள் ராணுவ சிறப்புப் படை வீரர் அவரைச் சந்தித்தார். உட்கார்ந்திருப்பது அலட்சியமாகத் தெரிகிறது, மண்டியிட்டால் நன்றாக இருக்கும், இறந்த தோழனின் கல்லறை முன்னால் படைவீரர்கள் அப்படித்தான் இருப்பார்கள் என்பது போயர் சொன்ன யோசனை. செப்டம்பர் 1 அன்று சான் டியாகோவில் கேப்பர்னிக்கும் சக ஆட்டக்காரர் எரிக் ரீடும் மண்டியிட்டார்கள். பக்கத்தில் போயர் நின்றுகொண்டிருந்தார். நாட்டுக்கு அவமரியாதை என்று அடுத்த சில வருடங்கள் அமெரிக்காவே சண்டை போட்டுக்கொண்ட அந்தச் சைகை, மரியாதை குறையக் கூடாது என்று ஒரு ராணுவக்காரரோடு உட்கார்ந்து பேசி எடுத்த முடிவு.

2017 மார்ச்சில் அவர் ஒப்பந்தத்திலிருந்து வெளியே வந்தார். அதன்பிறகு எந்த அணியும் அவரைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அணி முதலாளிகள் கூட்டுச் சேர்ந்து தன்னை ஒதுக்குகிறார்கள் என்று அவர் கொடுத்த புகார் 2019 பிப்ரவரியில் சமரசத்தில் முடிந்தது, விவரம் வெளியிடப்படவில்லை. 2020 ஜூனில், ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸால் கொல்லப்பட்ட சில நாட்களில், அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லின் தலைவர் ரோஜர் குடெல் ஒரு காணொளியில் வீரர்களின் பேச்சை முன்பே கேட்காதது தவறு என்று ஒப்புக்கொண்டார். அந்தக் காணொளியில் கேப்பர்னிக்கின் பெயர் வரவில்லை!

லீக்கிடமிருந்து எதுவுமே கிடைக்கவில்லை என்று சொல்ல முடியாது. வீரர்களின் கூட்டமைப்பு ஒன்றோடு பேசி, சமூக நீதிப் பணிகளுக்கு ஏழு வருடங்களில் சுமார் 8.9 கோடி டாலர் தர என்எஃப்எல் ஒத்துக்கொண்டது. ஆனால் போலீஸ்? அமெரிக்காவில் சுமார் 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனி ஊர், தனி அதிகாரி, தனி ஒப்பந்தம். கேப்பர்னிக்கின் கோரிக்கைக்கு "சரி" என்று சொல்லும் அதிகாரம் எந்த ஒரு தனி ஆளிடமும் இல்லை. ஃப்ளாய்டின் பெயரில் வந்த போலீஸ் சீர்திருத்த மசோதா 2021 மார்ச்சில் பிரதிநிதிகள் சபையில் நிறைவேறி, செனட்டில் போய் நின்றுவிட்டது. அவருடைய போராட்டம் ஒரு விஷயத்தை எல்லார் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுபோனது. அதற்கு மேல் கொண்டுபோகும் பிடி அவர் கையில் இல்லை.

இதற்கு நேர் எதிரான கதை அதற்கு முந்தின வருடமே நடந்தது. அதில் வந்தவர்கள் தொழில்முறை வீரர்கள்கூட இல்லை, கல்லூரி மாணவர்கள். மிசௌரி பல்கலைக்கழகத்தில் இனவெறிச் சம்பவங்களை நிர்வாகம் கண்டுகொள்ளவில்லை என்று 2015 இலையுதிர்காலம் முழுக்க மாணவர்கள் போராடிக்கொண்டிருந்தார்கள். பல்கலைக்கழக அமைப்பின் தலைவர் டிம் வுல்ஃப் விலக வேண்டும் என்பது கோரிக்கை. நவம்பர் 2 அன்று ஒரு முதுகலை மாணவர் உண்ணாவிரதம் தொடங்கினார். அதற்கும் அசையவில்லை. நவம்பர் 7, சனிக்கிழமை இரவு, பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணியின் கறுப்பின ஆட்டக்காரர்கள் சுமார் முப்பது பேர் கைகோத்து நிற்கும் ஒரு படம் வெளியானது. வுல்ஃப் விலகும்வரை களத்தில் இறங்க மாட்டோம் என்றார்கள். மறுநாள் பயிற்சியாளரும் அவர்கள் பக்கம் நின்றார். திங்கள்கிழமை காலை வுல்ஃப் ராஜினாமா.

ஏன் இவ்வளவு வேகம்? அடுத்த சனிக்கிழமை பிரிகம் யங் பல்கலைக்கழக அணியோடு ஆட்டம் இருந்தது. ஆடாவிட்டால் மிசௌரி பல்கலைக்கழகம் 10 லட்சம் டாலர் நஷ்டஈடு கொடுக்க வேண்டும் என்று ஒப்பந்தம். தேதி இருந்தது, தொகை இருந்தது, ராஜினாமா செய்யக்கூடிய ஒரு மனிதர் இருந்தார். முக்கியமாக, கோரிக்கையை ஆட்டக்காரர்கள் உருவாக்கவில்லை. மாணவர்கள் மாதக்கணக்கில் உழைத்துத் தயாராக வைத்திருந்ததற்கு இவர்கள் தங்கள் கனத்தைக் கொடுத்தார்கள். இதன் அர்த்தத்தை எதிர்த் தரப்பு நன்றாகவே புரிந்துகொண்டது. இப்படி ஆட மறுக்கும் மாணவர்களின் உதவித்தொகையைப் பறிக்க வேண்டும் என்று ஒரு மாதத்துக்குள் அந்த மாநில சட்டமன்றத்தில் மசோதா வந்தது. பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வெறும் சைகைக்குப் பயந்து யாரும் மசோதா கொண்டுவருவதில்லை.

அதே ஆயுதத்தை 2020 ஆகஸ்ட் 26 அன்று மில்வாக்கி பக்ஸ் கூடைப்பந்து அணி எடுத்தது. விஸ்கான்சின் மாநிலத்தின் கெனோஷாவில் ஜேக்கப் பிளேக் என்பவரை போலீஸ் முதுகில் சுட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. கொரோனா காரணமாக ஃபுளோரிடாவில் அடைத்துவைத்து நடத்திய பிளேஆஃப் ஆட்டம் அது. எதிரணி களத்துக்கு வந்து பந்தை எறிந்து உடம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தது. பக்ஸ் ஆட்டக்காரர்கள் லாக்கர் ரூமை விட்டு வெளியே வரவே இல்லை. உள்ளே இருந்தபடியே தங்கள் மாநிலத்தின் அட்டர்னி ஜெனரலையும் துணை ஆளுநரையும் தொலைபேசியில் பிடித்து, என்ன செய்ய முடியும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பல மணி நேரம் கழித்து வெளியே வந்து அறிக்கை வாசித்த இருவரில் ஒருவர் ஸ்டெர்லிங் பிரவுன். 2018 ஜனவரியில், வண்டியைத் தப்பாக நிறுத்திய விஷயத்துக்காக மில்வாக்கி போலீஸ் மின்துப்பாக்கியால் தாக்கியது இவரைத்தான்.

அன்றே மற்ற ஆட்டங்களும் நின்றன, பேஸ்பால் வரைக்கும் பரவியது. கூடைப்பந்து லீக்கான என்பிஏ இறங்கி வந்தது. தேர்தலுக்கு அரங்கங்களை வாக்குச்சாவடியாகத் திறந்துவிட அணிகள் ஏற்பாடு செய்யும் என்றது, சமூக நீதிக்கென ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தியது. மூன்றாம் நாள் ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஆனால் பக்ஸ் கேட்டது விஸ்கான்சின் சட்டமன்றம் கூடிச் செயல்பட வேண்டும் என்று. ஆகஸ்ட் 31க்கு ஆளுநர் சிறப்புக் கூட்டம் அழைத்தார். பெரும்பான்மைக் கட்சி கூட்டத்தைத் திறந்து, விவாதமே இல்லாமல் நிறுத்திவைத்தது. கூடைப்பந்து நின்றால் லீக்குக்கு நஷ்டம், சட்டமன்ற உறுப்பினருக்கு என்ன நஷ்டம்? வேலைநிறுத்தத்தின் கை எட்டும் தூரம் அவ்வளவுதான்.

இங்கே கொஞ்சம் விலகி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என்பிஏ வீரர்கள் தைரியசாலிகள், என்எஃப்எல் வீரர்கள் பயந்தவர்கள் என்று ஒரு பேச்சு உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கூடைப்பந்து அணியில் 15 பேர், சம்பளம் பெரும்பாலும் உத்தரவாதமானது. அமெரிக்கக் கால்பந்து அணியில் 53 பேர், பலருடைய சம்பளத்தில் பெரும் பகுதிக்கு உத்தரவாதம் கிடையாது, இன்று வெட்டிவிட்டால் நாளை இல்லை. ஒரு நட்சத்திரம் இல்லாவிட்டால் கூடைப்பந்தில் டிக்கெட் விற்பனையே அடிவாங்கும். கால்பந்தில் ஹெல்மெட்டுக்குள் முகம் தெரிவதே அபூர்வம். தைரியத்தை அளப்பதற்கு முன்னால் ஒப்பந்தத்தைப் படிக்க வேண்டும்.

சட்டமன்றத்துக்கு நஷ்டம் வருவது தேர்தலில்தான். அதைச் சரியாகப் பிடித்தவர்கள் பெண்கள் கூடைப்பந்து லீக்கான டபிள்யூஎன்பிஏ வீராங்கனைகள். எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் மிகக் கெட்டிக்காரத்தனமான போராட்டம் அவர்களுடையது. அட்லாண்டா ட்ரீம் அணியின் பங்கு முதலாளி கெல்லி லோஃப்ளர், ஜார்ஜியாவின் செனட்டரும்கூட. 2020இல் லீக் கறுப்பின உயிர்களுக்கான இயக்கத்தை ஆதரித்ததை அவர் வெளிப்படையாக எதிர்த்தார். அவரை வெளியேற்று என்ற குரல்தான் முதலில் எழுந்தது. பிறகு வீராங்கனைகள் வழியை மாற்றிக்கொண்டார்கள். அவர் பெயரைச் சொல்லிச் சொல்லித் திட்டினால் அவருக்குத்தான் விளம்பரம். அவரை எதிர்த்து நின்ற போதகர் ரஃபேல் வார்னாக்கோடு இணையவழியில் பேசி, கேள்வி கேட்டு, திருப்தியான பிறகு, ஆகஸ்ட் 4 அன்று "வார்னாக்குக்கு வாக்களியுங்கள்" என்ற டி-ஷர்ட்டோடு அரங்கத்துக்கு வந்தார்கள். அப்போது கருத்துக்கணிப்புகளில் வார்னாக் முன்னணியில் இல்லை. அதன்பின் அவருக்கு நன்கொடையும் கவனமும் குவிந்தன. 2021 ஜனவரி 5 இரண்டாம் சுற்றுத் தேர்தலில் லோஃப்ளரைத் தோற்கடித்தார், செனட்டின் பெரும்பான்மையே கை மாறியது. பிப்ரவரியில் அணி விற்கப்பட்டது. வாங்கிய குழுவில் ஒருவர் ரெனே மான்ட்கோமரி, சமூக நீதிப் பணிக்காக 2020 பருவத்தையே ஆடாமல் விட்ட அதே அணியின் வீராங்கனை. வார்னாக்கின் வெற்றிக்கு ஜார்ஜியாவில் வருடக்கணக்கில் வாக்காளர்களைச் சேர்த்த அமைப்புகள்தான் அடித்தளம். அதை மறந்துவிட்டு டி-ஷர்ட்டுக்கு முழுப் புகழையும் கொடுப்பது நியாயமில்லை.

பழைய கதைகளுக்கு வந்தாலும் இதேதான். 1968 அக்டோபர் 16, மெக்சிகோ நகரம், 200 மீட்டர் ஓட்டத்தின் பதக்க மேடை. டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் காலணி இல்லாமல், கறுப்புக் காலுறையோடு, கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தி நின்ற படம் தெரியாதவர் இல்லை. கார்லோஸ் தன் கையுறையை மறந்துவிட்டு வந்ததால் ஒரே ஜோடியை இருவரும் ஆளுக்கொன்றாகப் போட்டுக்கொண்டார்கள். அதனால்தான் ஒருவர் வலது கை, மற்றவர் இடது கை. படத்தில் இன்னொருவர் சும்மா நிற்பதுபோல் தெரிகிறார். இரண்டாவதாக வந்த ஆஸ்திரேலியர் பீட்டர் நார்மன். அவர் சட்டையிலும் ஒரு வட்டச் சின்னம் இருக்கிறது, மனித உரிமைக்கான ஒலிம்பிக் திட்டம் என்ற அமைப்பின் சின்னம். அமெரிக்கப் படகோட்டி ஒருவரிடம் கேட்டு வாங்கிக் குத்திக்கொண்டது.

அந்த அமைப்பைத்தான் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அது ஒரு வருடமாகவே வேலை செய்துகொண்டிருந்தது, கோரிக்கைப் பட்டியலும் வைத்திருந்தது. குத்துச்சண்டை வீரர் முகமது அலியிடமிருந்து பறித்த பட்டத்தைத் திருப்பித் தர வேண்டும், தென்னாப்பிரிக்காவைச் சேர்க்கக் கூடாது, கறுப்பினப் பயிற்சியாளர்களை நியமிக்க வேண்டும், இப்படி. இதில் தென்னாப்பிரிக்கா விஷயம் போட்டி தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோனது. ஆப்பிரிக்க நாடுகள் பலவும் வர மாட்டோம் என்று சொன்னதும், தென்னாப்பிரிக்காவுக்குக் கொடுத்த அழைப்பை ஒலிம்பிக் கமிட்டி ஏப்ரலில் திரும்பப் பெற்றது. உயர்த்திய கைகளுக்குக் கிடைத்தது என்ன? இருவரையும் போட்டி நகரத்திலிருந்து வெளியேற்றினார்கள், ஊருக்குத் திரும்பியபின் கொலை மிரட்டல், வேலைக்குத் திண்டாட்டம். நார்மனும் சொந்த நாட்டில் ஓரங்கட்டப்பட்டார். 2006இல் அவர் இறந்தபோது பெட்டியைத் தூக்கியவர்களில் ஸ்மித்தும் கார்லோஸும் இருந்தார்கள். ஆஸ்திரேலிய நாடாளுமன்றம் மன்னிப்புத் தீர்மானம் போட்டது 2012இல்.

தென்னாப்பிரிக்கா விளையாட்டுப் புறக்கணிப்பு தனியாக ஒரு கட்டுரைக்குப் போதுமான விஷயம். சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே ரக்பியும் கிரிக்கெட்டும் வெள்ளையர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு இல்லை, பெருமை. 1968இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த, வெள்ளையரல்லாத பேசில் டி'ஒலிவேரா இடம்பெற்ற இங்கிலாந்து கிரிக்கெட் அணியை அந்த நிறவெறி அரசு ஏற்க மறுத்ததும் தொடர் ரத்தானது. 1970இல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்து வெளியேற்றம், கிரிக்கெட்டில் இருபது வருடத்துக்கும் மேல் தனிமை. 1971 ஏப்ரலில் கேப் டவுனின் நியூலேண்ட்ஸ் மைதானத்தில் தென்னாப்பிரிக்காவின் வெள்ளை நட்சத்திரங்களே ஒரு பந்து வீசியதும் ஆட்டத்தை நிறுத்தி வெளியே நடந்தார்கள். தகுதி அடிப்படையில்தான் அணித் தேர்வு இருக்க வேண்டும் என்று அறிக்கை கொடுத்துவிட்டுத் திரும்பவும் போய் ஆடினார்கள். நிறவெறியை வீழ்த்தியது உள்நாட்டுப் போராட்டமும் பொருளாதாரத் தடையும்தான். அரசியலே வேண்டாம் என்று இருந்த வீடுகளுக்குள் விஷயத்தைக் கொண்டுபோனது விளையாட்டு.

விலை கொடுத்தும் பலன் கிடைக்காத கதைகளையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது வெற்றிப் பட்டியல் ஆகிவிடும். 2003 பிப்ரவரி 10, ஹராரே. கிரிக்கெட் உலகக் கோப்பையில் நமீபியாவுக்கு எதிரான ஆட்டத்துக்கு ஜிம்பாப்வேயின் ஆன்டி ஃபிளவரும் ஹென்றி ஒலங்காவும் கறுப்புக் கைப்பட்டையோடு வந்தார்கள். நம் நாட்டில் ஜனநாயகம் செத்துவிட்டது, அதற்கான துக்கம் என்று அறிக்கை கொடுத்தார்கள். இருவருடைய ஜிம்பாப்வே வாழ்க்கையும் அந்த உலகக் கோப்பையோடு முடிந்தது. ஒலங்கா உயிருக்குப் பயந்து நாட்டை விட்டே போனார். அதிபர் முகாபே இன்னும் 14 வருடம் பதவியில் இருந்தார், கடைசியில் இறக்கியது ராணுவம். அந்த இருவரும் செய்தது வீண் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அது மாற்றத்தைக் கொண்டுவந்தது என்றும் சொல்ல முடியாது. இரண்டும் வேறு வேறு கேள்வி.

விலையே கொடுக்காத போராட்டம் எப்படி இருக்கும் என்பதற்கு 2022 நவம்பர் 21, கத்தார், கால்பந்து உலகக் கோப்பை. ஓரினச் சேர்க்கையாளர் உரிமைக்காக ஏழு ஐரோப்பிய அணிகளின் கேப்டன்கள் வண்ணக் கைப்பட்டை அணிவதாக மாதக்கணக்கில் அறிவித்திருந்தார்கள். அணிந்தால் மஞ்சள் அட்டை என்று ஃபிஃபா மிரட்டியதும், இங்கிலாந்து ஆடுவதற்குச் சில மணி நேரம் முன்னால், ஏழு பேரும் கழற்றி வைத்துவிட்டார்கள். அன்று இங்கிலாந்துக்கு எதிரே நின்ற அணி ஈரான். மாசா அமினி என்ற இளம்பெண் போலீஸ் காவலில் இறந்த பிறகு எழுந்த போராட்டம் ஊரில் நடந்துகொண்டிருந்தது. பதினொரு பேரும் தேசிய கீதத்தைப் பாடாமல் வாயை மூடி நின்றார்கள். அவர்களுக்கு இருந்த ஆபத்து மஞ்சள் அட்டையோடு முடிவதில்லை. அடுத்த ஆட்டத்தில் அவர்கள் மெல்லிய குரலில் பாடினார்கள். எனக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை.

"விளையாட்டில் அரசியலைக் கலக்காதீர்கள்" என்பதற்கு ஒரு வார்த்தை. 2015இல் அமெரிக்க செனட்டர்கள் மெக்கெய்னும் ஃபிளேக்கும் வெளியிட்ட அறிக்கைப்படி, மைதானத்தில் கொடியேற்றம், வீரவணக்கம் போன்ற தேசபக்தி நிகழ்ச்சிகள் அடங்கிய ஒப்பந்தங்களுக்கு ராணுவத் துறை தொழில்முறை அணிகளுக்கு 68 லட்சம் டாலர் கொடுத்திருந்தது. அரசியல் ஏற்கெனவே காசு கொடுத்து டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்திருக்கிறது.

வீரர்கள் அதிகம் ஜெயிப்பது சொந்த வீட்டுக்குள்தான், அதாவது தங்கள் விளையாட்டின் விதிகளை மாற்றுவதில். 1970இல் பில்லி ஜீன் கிங் உட்பட ஒன்பது டென்னிஸ் வீராங்கனைகள் ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி தொடங்கினார்கள். 1973இல் யுஎஸ் ஓபன் ஆண்களுக்குச் சமமான பரிசு கொடுத்தது. விம்பிள்டன் 2007 வரை இழுத்தடித்தது. அமெரிக்கப் பெண்கள் கால்பந்து அணி 2019இல் வழக்குப் போட்டது, 2020இல் நீதிபதி சம்பளப் பிரிவைத் தள்ளுபடி செய்தார். ஆனாலும் 2022இல் 2.4 கோடி டாலர் சமரசமும் சம ஊதிய ஒப்பந்தமும் கிடைத்தன. வழக்கில் தோற்றவர்கள் பேச்சுவார்த்தையில் ஜெயித்ததற்குக் காரணம் கூட்டாகப் பேரம் பேசும் சங்கம், கூடவே உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் அரங்கமே "சம ஊதியம்" என்று கத்தியது.

சொந்த வீட்டிலேயே கஷ்டம் என்றால் அது நம் மல்யுத்த வீராங்கனைகளின் கதை. 2023 ஜனவரியில் வினேஷ் போகட், சாக்ஷி மாலிக், பஜ்ரங் புனியா ஆகியோர் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். மல்யுத்த சம்மேளனத் தலைவர் பிரிஜ் பூஷண் சரண் சிங்மீது பாலியல் துன்புறுத்தல் புகார். அவர் அதை மறுத்தார். விசாரணைக் குழு போடப்பட்டது, திருப்தி இல்லை, ஏப்ரலில் திரும்ப உட்கார்ந்தார்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகுதான் எஃப்ஐஆரே பதிவானது. மே 28 அன்று புதிய நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனவர்களை போலீஸ் இழுத்துக்கொண்டு போன படங்கள் உலகம் முழுக்க வந்தன. ஜூனில் குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனது. டிசம்பரில் நடந்த சம்மேளனத் தேர்தலில் ஜெயித்தவர் அவருக்கு நெருக்கமான சஞ்சய் சிங். அன்றே சாக்ஷி காலணியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு மல்யுத்தத்தை விட்டார்.

ஒலிம்பிக் பதக்கம், நாடறிந்த முகம், தெளிவான கோரிக்கை, பதில் சொல்ல வேண்டிய ஒரு தனி ஆள், எல்லாமே அவர்களிடம் இருந்தன. நிறுத்துவதற்கு ஆட்டம்தான் இல்லை. அப்போது டிக்கெட் விற்கும் லீக் நடக்கவில்லை, ஒளிபரப்புப் பணம் கிடையாது, ஒப்பந்தம் பேசும் சங்கம் கிடையாது. தேர்வுப் போட்டிக்குப் போகாவிட்டால் சம்மேளனத்துக்கு நஷ்டமில்லை, அடுத்த ஆளை அனுப்பும். நஷ்டம் இருபது வருடம் பயிற்சி செய்த அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான்.